மூடி வைத்த ஈரம்

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

இன்று காலை பேருந்தில் இருமியபோது வந்தது பழுப்பு. மஞ்சள் வந்திருக்கிறது, பச்சை வந்திருக்கிறது, இரண்டு முறை ரத்தமும் வந்திருக்கிறது. பழுப்பு புதிது. கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தேன். காலண்டர் அச்சகத்தில் நாள் முழுக்க நிறம் பார்க்கிறவளுக்கு இந்தப் புத்தி எங்கே போகும் - மைக் கணக்கில் எல்லோ எண்பது, மெஜந்தா ஐம்பது, பிளாக் நாற்பது. புளியைக் கரைத்த பிறகு கையில் தங்கும் கோது மாதிரி ஒரு துண்டு. அழுத்தினால் ரப்பர்போல் மீள்கிறது. என் நெஞ்சுக்குள் இது எத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது? மடித்துப் பைக்குள் வைத்தேன், அம்மாவிடம் காட்ட வேண்டுமே.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண் திருத்தங்கல் வரும் முன்பே எழுந்துவிட்டார். கையில் இரண்டு பைகளோடு, கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே நின்றார். டிபி என்று நினைத்திருப்பார். நினைத்துத் தொலையட்டும். ஒன்பது வயதுவரை டாக்டர்களே அப்படித்தான் நினைத்து இரண்டு தடவை டிபி மாத்திரை கொடுத்தார்கள். பதினொரு வயதில்தான் வியர்வையின் உப்பைச் சோதித்துப் பார்த்து சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்றார்கள். பிறவியிலேயே வருவது. நெஞ்சில் ஊறும் சளி கோந்தாக நிற்கும், சாப்பிடும் எண்ணெய் செரிக்காமல் அப்படியே கழிவறையில் மிதக்கும். யாருக்கும் தொற்றாது. இதைப் பேருந்தில் எழுந்து நின்று அறிவிக்கவா முடியும்?

அம்மா கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். என் சளியை முகம் சுளிக்காமல் பார்க்கிற ஒரே ஆள். இன்று சுளித்தார்.

"மதுரைக்குப் போன் போடுட்டி" என்றார்.

செப்டம்பர் 4

மறுபடியும் பழுப்பு. இரண்டு துண்டு. சீ.

செப்டம்பர் 9, திங்கள்

மதுரை. டாக்டர் பிரீத்திகா என்னைக் குழாயில் ஊதச் சொன்னார். ஜூலையில் அறுபத்து நான்கு. இன்று ஐம்பத்து ஒன்று. நூறுக்கு இவ்வளவுதான் என் நுரையீரல் வேலை செய்கிறது. இரண்டு மாதத்தில் பதின்மூன்றைத் தொலைத்திருக்கிறேன்.

பூஞ்சையாம். ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயர். அதன் தூள் எல்லார் மூச்சிலும்தான் போகிறது, மற்றவர்களுக்கு இருமினால் வெளியே வந்துவிடும். எனக்குச் சளி நகராததால் அது அங்கேயே தங்கி முளைக்கிறது. அதைக் கண்டு என் உடம்பு வெறிபிடித்துச் சண்டை போட, மூச்சுக்குழாய் வீங்குகிறது. அந்தச் சண்டையின் குப்பைதான் பழுப்புத் துண்டுகள். "ரொட்டியில் வருமே, அதே இனம்தானா டாக்டர்?" என்றேன். "சொந்தக்காரங்க மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசணம் பிடித்த ரொட்டியைத் தூக்கிக் குப்பையில் போடுவோம். என்னை எங்கே போடுவது?

ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே பூஞ்சைக்கு ஒரு கேப்ஸ்யூல். அதைச் சாப்பாட்டோடு, புளிப்பான கலர் சோடா குடித்து விழுங்க வேண்டுமாம். மாதக்கணக்கில்.

கடைசியாகச் சொன்னார்: "உங்களச் சுத்தி எங்கயாவது ஈரம், பூசணம் இருக்கான்னு தேடுங்க. சுவரு, கூலரு, தானிய மூட்டை, எதுவா இருந்தாலும். அது நின்னாத்தான் மருந்து வேலை செய்யும். இப்படியே எறங்குச்சுன்னா அப்புறம் ஏத்துறது கஷ்டம்."



செப்டம்பர் 10, செவ்வாய்

"நர்ஸ் வீட்டுல பூசணமா?" - இதை அம்மா இன்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டார். என்னிடம் இல்லை, சுவரிடம்.

அம்மாவின் சுத்தம் எனக்கே சில சமயம் எரிச்சல். தரை இரண்டு வேளை பினாயில். மருந்தைப் புகையாக்கி நான் இழுக்கும் நெபுலைசரின் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் காலை, மாலை இரண்டு வேளையும் சோப்பில் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்துச் சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடுவார். ஆஸ்பத்திரிப் பழக்கம். அடுத்த வேளைக்கு மூடியைத் திறந்து மருந்து ஊற்றி என் கையில் கொடுப்பார். அந்த டப்பாவை நான் தொடக்கூடாது. தொட்டதும் இல்லை.

மூடியில் "காலேப் 1997" என்று வெட்டியிருக்கும். அம்மாவின் முதல் பிள்ளை காலேப்பின் பால்புட்டி வைக்க அப்பா வாங்கியது. எனக்கு மூன்று வருடம் மூத்தவன், ஏழு மாதத்தில் நிமோனியா என்று சொல்லி உயிரில்லாமல் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பார்த்ததே இல்லாத, என்னைவிடச் சின்னவனாகவே நின்றுவிட்ட ஒரு குழந்தையை என்னவென்று கூப்பிடுவது? வீட்டில் அந்தப் பேச்சு வராது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டப்பா மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேடுகிறேன். அச்சகத்தில் படத்தின் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அச்சில் புள்ளி பார்க்கிற கண்ணால் உலகத்தின் அழுக்கைப் பார்க்கப் போகிறேன்.

குளியலறை மூலை: கருப்பு. தேய்த்தாயிற்று. அச்சகத்துக் கூலரின் வைக்கோல் தட்டி: பச்சைக் குழம்பு, நாற்றம். மேனேஜர் பாண்டிச்செல்வத்திடம் சொன்னேன். "சீசன் நேரத்துல இது வேறயா?" என்று முணுமுணுத்தார், ஆனால் மாற்றிவிட்டார். சர்ச் அலமாரியில் பாட்டுப் புத்தகங்கள்: ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. இத்தனை வருடம் இதைத்தான் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பாடினேனா?

ஆராதனை முடிந்ததும் ஜெபக்குழு ஷைலா ஆன்ட்டி ஜெப எண்ணெயோடு வந்தார். நெற்றியில் பூசி, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி ஜெபம். நடுவில் எனக்கு இருமல். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஆன்ட்டி ஜெபத்தை நிறுத்தாமலே கையை மட்டும் எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கண் மூடித்தான் இருந்தது. கை எப்படியோ தானாகத் துடைத்துக்கொண்டது.

எண்ணெயை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

செப்டம்பர் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சம்சு மாமாவின் மிளகாய் வத்தல் குடோன். பன்னிரண்டு வருடப் பக்கத்து வீடு. வத்தல் ரொம்பக் காய்ந்தால் மூட்டை பிடிக்கும்போது நொறுங்கும், அதற்காக முந்தின நாள் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். விருதுநகரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு இன்றுதான் உறைத்தது. தெளித்த தண்ணீர், அடைத்த குடோன், சாக்கு. இதைவிட என்ன வேண்டும்? மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் சுவரை ஒட்டி மூட்டை, கூரை வரை.

நேராகப் போனேன். லென்ஸும் கையுமாக. ஒரு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வத்தலைப் பிளந்தேன். உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாருங்க பாய். இதத்தான் நான் மூச்சா விடுதேன். ஒங்க வத்தலுக்காக நான் சாகணுமா?"

பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவளில்லை என்றாலும் பன்னிரண்டு வருடமாக மாமாதான். இன்று பாய் என்றேன். வேண்டுமென்றேதான்.

வேலையாட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மாமா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "மொதல்ல உக்காரும்மா. மூச்சு வாங்குது பாரு ஒனக்கு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் மகள் ருக்சானா தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. அவர்கள் வீட்டு டம்ளரையும் சந்தேகமாகப் பார்த்தேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

எழுதுகிறேன், ஆனால் தப்பு என்று தோன்றவில்லை. ஒரு ஆள் கிடைத்ததில் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

சம்சு மாமா எங்கள் சுவரை ஒட்டியிருந்த மூட்டைகளையெல்லாம் இரண்டு நாளில் வேறு குடோனுக்கு மாற்றிவிட்டார். சுவரில் தார்ப்பாயும் அடித்திருக்கிறார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம், "சிஸ்டர், இனிமே இந்தப் பக்கம் தண்ணி தெளிக்க மாட்டோம். பிள்ளைக்குச் சொல்லிருங்க" என்றாராம்.

அம்மாவுக்கு வெட்கம். "அம்புட்டு பேரு முன்னாடி அந்த மனுசனக் கேட்டியாமே? எனக்கு வந்த காய்ச்சலுக்கு ராத்திரியே ஆட்டோ கொண்டாந்த மனுசன்ட்டி அவரு."

ருக்சானா தினமும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். காலண்டர் படங்களை என் போனில் பார்த்து, இது நல்லா இருக்கு, இது வேணாம் என்பாள். இன்று பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

போகட்டும். என் மூச்சா, அவள் முகமா?

அக்டோபர் 7, திங்கள்

நாற்பத்து ஏழு.

குடோனை மாற்றியாயிற்று, கூலரை மாற்றியாயிற்று, பாட்டுப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. மருந்து ஒரு வேளை தவறவில்லை. ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாக ஊதியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு நாற்பத்து ஏழு.

டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இன்னும் எதோ ஒண்ணு உள்ள போய்க்கிட்டே இருக்கு" என்றார். மருந்தைக் கூட்டினார். நெபுலைசரை மூன்று வேளையாக்கினார்.

சம்சு மாமா இல்லையென்றால் - யார்?

அக்டோபர் 17, வியாழன்

மழை. வீடெல்லாம் ஈர வாசனை. துணி காயவில்லை. அச்சகம் போகவில்லை. படியில் ஏறி மொட்டை மாடி போக மூன்று இடத்தில் நின்றேன். அம்மா காலையும் மாலையும் முதுகு தட்டுகிறார். கையைக் குவித்து, பக்கத்துக்கு இருபது நிமிடம். அறுபது வயதில் அவருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. நான் தலையைத் தொங்கப் போட்டுக் கிண்ணத்தில் துப்புகிறேன். அவர் அளந்து பார்க்கிறார். இதுதான் எங்கள் குடும்ப ஜெபம்.

என் உடம்பு எனக்கே அருவருப்பு. நாறுகிறேனோ என்று அடிக்கடி தோன்றுகிறது.

அக்டோபர் 19, சனி

அம்மா நாசரேத்தில் நடக்கும் சர்ச் கன்வென்ஷனுக்குப் போயிருக்கிறார். நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன், வருடத்துக்கு ஒரு தடவை அவருக்கு அதுதான் வெளியூர். போகும் முன் நூறு உத்தரவு. "கொதிச்ச ஒடனே எடுத்து டப்பாவுல போட்டு மூடிரு. தொறந்து வச்சா ஈ உக்காரும். ஈதான் எல்லாத்துக்கும் காரணம்."

மதிய வேளைக்கு நானே டப்பாவைத் திறந்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

மூடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. சொட்டியது. கிண்ணத்துக்குள்ளும் தண்ணீர். சூட்டோடு மூடினால் ஆவி எங்கே போகும்? மாஸ்க்கின் ஓர மடிப்பில் மெல்லிய கோடு. பென்சில் கோடு என்று நினைத்தேன். மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் சாம்பல் கலந்த பச்சை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வத்தலுக்குள் பார்த்த அதே பஞ்சு. தலையில் தூள் சுமந்த காம்புகள், வரிசை வரிசையாக.

கிண்ணத்தைத்தான் அம்மா கொதிக்க வைக்கிறார். டப்பாவை இல்லை. காலேப்பின் டப்பா, அதை அடுப்பில் ஏற்றமாட்டார். சனிக்கிழமை சனிக்கிழமை ஈரத் துணியால் துடைப்பார்.

ஊரையெல்லாம் நுகர்ந்துவிட்டு வந்தேன். இந்த வீட்டிலேயே ரொம்பச் சுத்தமான பொருளை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, என் மூக்கிலும் வாயிலும் பொருத்தி ஆழமாக இழுத்திருக்கிறேன்.



அக்டோபர் 20, ஞாயிறு

எப்படிச் சொல்வது?

சொல்லாமல் இருந்தால் அவர் மூடிக்கொண்டே இருப்பார். சொன்னால்? முப்பது வருட நர்ஸிடம், உங்கள் கையால்தான் என்று சொல்வதா? அது மட்டுமா, அது காலேப்பின் டப்பா. அவர் அடுத்து என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரிகிறது. அதை நினைக்கவிடக்கூடாது.

கிண்ணத்தை உதறி, ஜன்னல் ஓரத்தில் சுத்தமான துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

அம்மா வந்துவிட்டார். நான் காய வைத்ததை எடுத்து மறுபடி கொதிக்க வைத்து, மறுபடி டப்பாவில் போட்டு மூடினார். கை தன்னால் செய்கிறது. நான் அவர் குளிக்கப் போகும்போது எடுத்துக் காய வைக்கிறேன், அவர் வந்து எடுத்து மூடுகிறார். ஒரு நாளில் ஐந்து தடவை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

அக்டோபர் 24, வியாழன்

சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத மாதிரி சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, எத்தன தடவ சொல்லுதேன், தொறந்து போடாதன்னு. ஈ உக்காந்த கிண்ணத்துல மருந்த இழுத்தா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"ஈ உக்காந்தா உக்காரட்டும். ஒங்க டப்பாதாம்மா என்னயக் கொல்லுது."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மா சிரிக்கப் பார்த்தார், விளையாட்டு என்று நினைத்து. நான் ரப்பர் வளையத்தைப் பிடுங்கி மேசையில் போட்டேன். லென்ஸை அவர் கையில் திணித்தேன். "பாருங்க. நர்ஸ்தான? பாருங்க." லென்ஸைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான்தான் திருப்பி வைத்தேன். இந்தக் கையால்.

ரொம்ப நேரம் பார்த்தார். அச்சகத்தில் புதிதாக வருகிறவர்கள்கூட இரண்டு நொடிக்கு மேல் பார்க்கமாட்டார்கள்.

பிறகு லென்ஸை வைத்துவிட்டு, "சோறு வடிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஊரில் எல்லார் மேலும் அருவருப்புப் பட்டேன். பேருந்துப் பெண், ஷைலா ஆன்ட்டி, சம்சு மாமா. இன்று என்மேல்தான்.

அக்டோபர் 25

அம்மா முதுகு தட்டினார். பக்கத்துக்கு அதே இருபது நிமிடம். கை மட்டும் கொஞ்சம் மெதுவாக விழுந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பா அவர் மடியில். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவன் பால்புட்டியையும் இதுலதான கொதிக்கக் கொதிக்க மூடி வச்சேன்."

நான் பயந்தது இதைத்தான். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்" என்றேன். எனக்கே உறுதியாக இல்லாத குரலில்.

"ஒனக்குச் சம்பந்தம் இருக்குன்னா அவனுக்கும் இருக்கும்லா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

அக்டோபர் 31, தீபாவளி

ஊரெல்லாம் வெடி. ஜன்னல், கதவு எல்லாம் அடைத்துக் கிடக்கிறோம். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு நெஞ்சு கெட்டால் வெடிப்புகைதான் என்று எல்லாரும் சொல்வார்கள். நானே அந்த வெடி அட்டைப்பெட்டிக்கு லேபிள் டிசைன் பண்ணுகிறேன். புகையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 4, திங்கள்

இந்தத் தடவை அம்மா டப்பாவையும் மதுரைக்குக் கொண்டுவந்தார். துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு. டாக்டர் மேசையில் அதை வைத்துவிட்டு, வார்டில் ட்யூட்டி ஒப்படைப்பதுபோல் நேராக நின்று சொன்னார்: இவளுக்கு நான் செய்த தப்பு இது. இதே டப்பாவில் என் முதல் பிள்ளைக்கும் பால்புட்டி வைத்தேன், ஏழு மாதத்தில் போய்விட்டான், அதற்கும் நான்தானா என்று தெரிய வேண்டும்.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"அம்மா, அந்தக் குழந்தைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?"

அம்மா விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். "கரிக்கும். வெயில் காலம்னு நெனச்சேன்."

"பால் குடிச்சும் எடை ஏறலையா?"

"ஏறல. வெளிக்குப் போனா எண்ணெய் எண்ணெயா மிதக்கும். பால் சேரலன்னு மாத்தி மாத்திக் குடுத்தேன்."

"அது இவளுக்கு இருக்கிற அதே வியாதி. கண்டுபிடிக்காத வியாதி. டப்பா இல்ல. அந்தக் காலத்துல இங்க பெரிய டாக்டர்களுக்கே அது தெரியாது."

என்னைப் பற்றியும் கேட்டார் அம்மா. டாக்டர் பொய் சொல்லவில்லை. "டப்பாதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அது காத்துலயே இருக்கு. வத்தல்ல இருந்து வந்திருக்கலாம், கூலர்ல இருந்து வந்திருக்கலாம். ஆனா கிண்ணம், மாஸ்க், எல்லாத்தையும் புதுசா மாத்துங்க. கொதிக்க வைங்க, நல்லா காய விடுங்க. ஈரத்த மட்டும் மூடாதீங்க."

எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. யாரையாவது பார்த்துத் துப்ப வேண்டியிருந்தது. இப்போது துப்புவதற்கு யாருமில்லை.

திரும்பும்போது கள்ளிக்குடி தாண்டியதும் அம்மா சொன்னார்: "உப்புக் கரிச்சத நான் யாருட்டயும் சொல்லல. நர்ஸ்ட்டி நான். சொல்லிருக்கணும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கை எப்போதும் பிசுபிசுக்கும், உப்பாக. அதனால் யார் கையையும் பிடிக்கமாட்டேன். அவர் விடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா பழைய கொசுவலையை வெட்டி ஒரு பை தைத்திருக்கிறார். புதுக் கிண்ணமும் மாஸ்க்கும் அதற்குள். கிழக்கு ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்குகிறது. காற்றும் போகும், வெயிலும் படும்.

"ஈயும் உக்காராது" என்றார். அந்த ஈயை அவர் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நவம்பர் 20

ஒரு வாரமாகப் பழுப்பு இல்லை. வெறும் எல்லோ முப்பது. ஒரு சளியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஜென்மம் உலகத்தில் வேறு இருக்குமா?

டிசம்பர் 9, திங்கள்

ஐம்பத்து ஆறு. அறுபத்து நான்கு திரும்பி வருமா தெரியவில்லை என்றார் டாக்டர். மருந்து இன்னும் பல மாதம். மழைக்காலம் வந்தால் மறுபடி வரலாம். சரி. ஐம்பத்து ஆறு.

சம்சு மாமா வீட்டுப் பக்கம் போகும்போது இன்னும் தெருவின் அந்த ஓரமாக நடக்கிறேன். அவரும் தினமும் குடோனைத் திறந்து வாசலில் இருக்கிறார், நானும் தினமும் தலையைக் குனிகிறேன். மூன்று மாதம் ஆகப்போகிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையிலிருந்து அச்சுமுறுக்கு வாசனை. எண்ணெய்ப் புகை எனக்கு ஆகாதென்று அம்மா அடுப்பைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சுட்டார். ஆறவிட்டு, தாளில் எண்ணெய் வடியவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

டப்பாவில். அந்த டப்பாவில்.

ரப்பர் வளையம் இல்லை. உள்ளும் புறமும் தேய்த்து, கொதிக்கவிட்டு, மூன்று நாள் மாடி வெயிலில் கிடந்தது. எனக்குத் தெரியும், தினமும் பார்த்தேன், கேட்கவில்லை. மூடியை எடுத்தார். ஒரு நொடி கையில் வைத்திருந்தார். பிறகு மூடினார்.

"காஞ்சத மூடலாம். தப்பில்ல" என்றார். "சம்சு வீட்டுல குடுத்துட்டு வா."

"நீங்க போங்கம்மா."

"அன்னைக்கு அவரக் கேட்டது நீதான? நீதான் போகணும்."

போனேன். குடோன் வாசலில் மாமா கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் தூசி பறக்காமல் இருக்க, வத்தல் கொட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொன்னார். அதைப் பார்த்ததும் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"மாமா" என்றேன். அப்புறம், "அன்னைக்கு நான் பேசுனது தப்பு மாமா. எங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சு."

"நல்லா மூச்சு விடுதியா இப்ப? அது போதும்" என்றார். உள்ளேயிருந்து ருக்சானா எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே போகவும் இல்லை.

டப்பாவை நீட்டினேன். வாங்கித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி மூடியில் வெட்டியிருந்ததைப் படித்தார்.

"காலேபுன்னு போட்டிருக்கு. யாரும்மா அது?"

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து வீடு. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை, கேட்கிற மாதிரி அந்த டப்பா வெளியே வந்ததும் இல்லை.

"எங்க அண்ணன் மாமா" என்றேன். "எனக்கு முந்தி பொறந்தவன். கைக்குழந்தையிலேயே போயிட்டான். எனக்கு இருக்கிற இதே வியாதிதான்."

மாமா டப்பாவை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன சொன்னாரு?" என்றார்.

"டப்பாவுல பேரு யாருன்னு கேட்டாரு. அண்ணன்னு சொன்னேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போய், வலைப்பைக்குள் கையை விட்டுக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். திருப்பி வைத்தார்.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் காயட்டும்" என்றார்.